சாளுவன்குப்பத்து மணலடுக்குகள்

மாமல்லபுரம் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவன கற்கள். ஒற்றைக்கல் இரதங்கள், குடைவரைகள், பெரும்பாறைச் சிற்பத்தொகுதி, அலைகளின் ஓரத்தே நிற்கும் கடற்கரைக் கோயில் என அவ்வூர்க் கற்களைப் பற்றி அறிஞர்கள் எழுதியவை ஏராளம். அக்கற்களைச் சூழ்ந்து கிடக்கும் மணலைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. கல்லில் மன்னர்கள் பொறித்தவற்றை வாசிக்க நமக்குக் கல்வெட்டறிஞர் பலர் வாய்த்தனர். கடல் விட்டுச்சென்ற மணற்படிவுகளை வாசிக்கும் முயற்சியோ, இக்கரையைப் பொறுத்தவரை, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகே சூடு பிடித்தது. அம்முயற்சி நமக்குக் கற்றுத்தருவது என்ன, அதை நாம் சரியாகக் கற்றுக்கொண்டோமா என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கல்வெட்டு காட்டிய மேடு

மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது சாளுவன்குப்பம். புலிக்குகை என்று மக்கள் வழங்கும் யாளி மண்டபமும், அதிரணசண்டேசுவரம் என்னும் குடைவரையும் இங்குதான் உள்ளன. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 2019ஆம் ஆண்டு முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகும்.

2004 டிசம்பர் 26 அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம், ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நம் கரையைப் பேரலைகளாக வந்தடைந்தது. மாமல்லபுரத்தில் அலைகள் ஏறுவதற்கு முன்னர்க் கடல் வெகுதூரம் உள்வாங்கியதையும், வழக்கமாக நீருக்குள் மறைந்திருக்கும் பாறைகள் வெளிப்பட்டதையும் பலர் கண்டனர். அலைகள் வடிந்தபின் கரையோர மணல் பல இடங்களில் அரித்துச் செல்லப்பட்டிருந்தது. அவ்வாறு மணல் நீங்கிய பாறையொன்றில் கல்வெட்டுகள் தென்பட்டன. அவற்றுள் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அதாவது நம் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று குறிக்கும் அரசன் காலத்தது ஒன்று. திருவிழிச்சில் என்னும் ஊரிலிருந்த சுப்பிரமணியர் கோயிலை அக்கல்வெட்டுகள் குறித்தன. திருவிழிச்சில் என்பது சாளுவன்குப்பத்தின் பழம்பெயர். ஆனால் அவ்வூரில் அப்படியொரு கோயில் அப்போது இல்லை!

இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டத்தினர் அருகிலிருந்த மணல்மேட்டைத் தோண்டினர். முதலில் வெளிப்பட்டது பல்லவர் காலக் கருங்கற்கோயிலின் எச்சம். மேலும் ஆழமாகச் சென்றபோது, அக்கோயில் அதனினும் பழைய செங்கற்கோயில் ஒன்றன்மீது எழுப்பப்பட்டது என்பது தெரியவந்தது. வடக்கு நோக்கிய கோயில், வாயிலருகே கல்லால் ஆன வேல், சுடுமண் பொருட்கள், கல்வெட்டுகள் பொறித்த தூண்கள். ஒரு தூணில் திருவிழிச்சிலைச் சேர்ந்த ஒருவர் 10 கழஞ்சு பொன் அளித்த செய்தி உள்ளது. மற்றொன்றில் வசந்தனார் என்ற அந்தணப் பெண்மணி விளக்கெரிப்பதற்காக 16 கழஞ்சு பொன் தந்த செய்தி உள்ளது. அடியிலுள்ள கோயிலின் செங்கற்கள் புகார், உறையூர், அரிக்கமேடு முதலிய இடங்களில் கிடைத்தவற்றை ஒத்திருத்தலால் அது சங்ககாலத்தது என்பதும், தமிழ்நாட்டில் கிடைத்துள்ள முருகன் கோயில்களுள் மிகப் பழையது என்பதும் அகழாய்வாளர் கருத்து.

இச்செய்தி வெளிவந்தபோது தமிழ் ஆர்வலர்கள் அடைந்த மகிழ்ச்சியை வாசகர்கள் நினைவுகூரக்கூடும். பேரலை தந்த பரிசு என்றே இதழ்கள் எழுதின. மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் அந்த மகிழ்ச்சியில் நாம் கவனியாது விட்ட ஒன்று உண்டு. செங்கற்கோயிலும் அழிந்திருந்தது; அதன்மேல் எழுந்த கற்கோயிலும் அழிந்திருந்தது. இரண்டின் அழிவுக்கும் கடலே காரணமாதல் கூடும் என்று அகழாய்வாளர்கள் கருதினர். எது மிகப் பழைய கோயில் என்ற கேள்விக்கு விடை தேடிய நாம், அக்கோயில்களைப் புதைத்த மணலிடம் எந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. இன்று இக்கரையில் வாழ்வோருக்கு மிகவும் வேண்டப்படும் ஆவணம் அம்மணலே என்பது நமது துணிபு.

பனியை வாசிப்போர்

படிந்த அடுக்குகளைக் கொண்டு வருங்கால ஆபத்தை மதிப்பிடும் கலை, கடற்கரையைவிட மலையில்தான் நன்கு வளர்ந்திருக்கிறது. ஆகவே சற்று நேரம் நாம் இமயத்துக்குச் செல்லவேண்டியுள்ளது. மாமல்லபுரத்தாருக்கு இமயம் அந்நியமன்று. அங்குள்ள பெரும்பாறைச் சிற்பத்தொகுதியை அர்ச்சுனன் தவம் என்பாரும் உளர், பகீரதன் தவம் என்பாரும் உளர். எவ்வாறு கொள்ளினும் அத்தவம் நிகழுமிடம் இமயமே.

மலைச்சரிவில் பனி ஒரே நாளில் பெய்து முடிவதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. இரு பொழிவுகளுக்கிடையே வெயில் காய்ந்தால் மேற்பரப்பு உருகி மீண்டும் உறைந்து வழுக்கும் பாளமாகிறது. தெளிந்த குளிரிரவுகளில் அதன்மேல் இறகு போன்ற மெல்லிய படிகங்கள் முளைக்கின்றன. தரையை ஒட்டிய அடியடுக்கோ, கீழுள்ள வெப்பத்துக்கும் மேலுள்ள கடுங்குளிருக்கும் இடைப்பட்டு, சர்க்கரைப் பருக்கைகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடுகிறது. இத்தகைய நொய்ந்த அடுக்கின்மேல் புதுப்பனி கனமாகப் படியும்போதுதான் ஆபத்து உருவாகிறது. பார்வைக்கு அச்சரிவு வெண்மையாக, சமமாக, அழகாகவே இருக்கும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவாயின், ஒரு மனிதனின் காலடி அழுத்தமே மேலடுக்கு முழுவதையும் பெயர்த்துக் கீழே தள்ளப் போதுமானது.

இதை எப்படி முன்னறிவது? பனியில் குழி தோண்டுகிறார்கள். குழியின் சுவரைச் செங்குத்தாகச் சீவி, அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். மூடிய கை உள்ளே போகிறதா, நான்கு விரல் போகிறதா, ஒரு விரலா, பென்சிலா, கத்திமுனை மட்டுமா என்று அடுக்கின் கடினத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பின்னர் 30 சென்டிமீட்டர் சதுரமான தூண் ஒன்றைப் பனியிலேயே செதுக்கி, அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்துத் தட்டு, தோளிலிருந்து பத்துத் தட்டு எனத் தட்டுகிறார்கள். எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் தூண் பிளந்து வழுக்குகிறது என்பதே தேர்வு. இக்குழிகள் தரும் செய்தியோடு காற்று, வெப்பநிலை, புதுப்பனியின் அளவு ஆகியவற்றையும் சேர்த்து, ஆபத்தின் அளவை ஒன்று முதல் ஐந்து வரையிலான படிகளில் அறிவிக்கிறார்கள்.

இந்தியாவில் இப்பணிக்கென 1969இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் அங்கமான அது, 2020இல் வேறோர் ஆய்வுக்கூடத்துடன் இணைக்கப்பட்டுப் புதிய பெயர் பெற்றது. இதெல்லாம் தமிழருக்கு எதற்கு என்று எண்ணவேண்டாம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த காவல்நிலையின்மீது பெரும் பனிப்பாளம் சரிந்து விழுந்ததில், மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாட்களுக்குப் பின்னர் உயிருடன் மீட்கப்பட்ட கர்நாடக வீரர் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று மறைந்தார். கடலைக் காணாத உயரத்திலும், பனியைக் காணாத கரையிலும் நம்மவர் அடுக்குகளின்மேல்தான் வாழ்கின்றனர்.

பனியை வாசிப்போரிடமிருந்து மூன்று பாடங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, தடித்த அடுக்கைவிட, இரு அடுக்குகளுக்கு இடைப்பட்ட மெல்லிய அடுக்கே முதன்மையானது. இரண்டாவது, ஒரு குழி அவ்விடத்தின் செய்தியை மட்டுமே கூறும். சில மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு செய்தி கிடைக்கக்கூடும். மூன்றாவது, நெடுங்காலமாகச் சரியாத சரிவு என்பதால் அது சரியாத சரிவு ஆகிவிடாது. இம்மூன்றையும் கொண்டு மீண்டும் சாளுவன்குப்பத்து மணலுக்கு வருவோம்.

இடைப்பட்ட மணல்

ஒரு மணலடுக்கைக் கண்டவுடன் ஆழிப்பேரலை என்று கூறிவிட இயலாது. இக்கரையில் புயல்கள் புதியனவல்ல. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகேதான் கரையைக் கடந்தது. புயலெழுச்சியும் மணலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும்.

இரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. புயல் அலைகள் மணிக்கணக்கில் மீண்டும் மீண்டும் அடிப்பதால், மெல்லிய பல வரிகளாக மணலைப் படிய வைக்கும். அப்படிவு பெரும்பாலும் கரையோரத்தோடு நின்றுவிடும். பேரலையோ சில அலைகளிலேயே நெடுந்தூரம் உள்ளே புகுந்து, மணலைப் போர்வை போல விரித்துச் செல்லும். அதன் அடியில் பருமணலும் மேலே நுண்மணலும் இருத்தல், வழியிலிருந்த களிமண்ணைப் பெயர்த்த கட்டிகள் கலந்திருத்தல், ஆழ்கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் காணப்படுதல் ஆகியன துணைச்சான்றுகள். ஆனால் மாமல்லபுரம் போன்ற கரையில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. அடியிலும் மணல், மேலும் மணல், இடையில் வந்ததும் மணல். காற்றும் தன் பங்குக்கு மணலை அள்ளிக் குவிக்கிறது. வெள்ளைத் தாளில் வெள்ளை மையால் எழுதியதை வாசிப்பது போன்ற வேலை இது.

இங்கேதான் கோயில் உதவுகிறது. வெறும் மணற்கரையில் அடுக்குகளுக்குக் காலம் கணிப்பது கடினம். கோயிலின் இடிபாடு நடுவே இருந்தால், மணல் அதற்கு முந்தையதா பிந்தையதா என்று கூறலாம். 2006ஆம் ஆண்டு ‘கரண்ட் சயின்ஸ்’ ஆய்விதழில் நிலவியலாளர் சி.பி. இராஜேந்திரனும் உடன் ஆய்வாளர்களும் மாமல்லபுரக் கரையின் பழங்காலக் கடலெழுச்சித் தடங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். அதன் ஆசிரியர்களுள் அகழாய்வை நடத்திய தொல்லியல் அறிஞர் தி. சத்தியமூர்த்தியும் ஒருவர். நிலவியலாரும் தொல்லியலாரும் ஒரே குழியில் இறங்கி நின்ற அரிய தருணம் அது.

கால எல்லையை வகுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். இக்கோயிலைக் குறிக்கும் கடைசிக் கல்வெட்டு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஆகவே அதற்குச் சற்றுப் பின்னர்க் கோயிலைக் கடல் கொண்டிருக்கவேண்டும் என்று கூறப்படுகிறது. இது ஏற்கத்தக்க ஊகமே தவிர முடிந்த முடிபு ஆகாது. கல்வெட்டுகள் நின்றுபோவதற்குக் கடலைத் தவிர வேறு காரணங்களும் இருக்கமுடியும். சோழப் பேரரசு தளர்ந்த காலம் அது; கொடை நின்ற கோயில்கள் கடல் காணாத ஊர்களிலும் பல உண்டு.

ஒரு குழி போதாது

சாளுவன்குப்பத்தை மட்டும் கொண்டு இவ்வழக்கை முடிக்க இயலாதெனில், அதே கடலின் மறுகரைகளைப் பார்க்கவேண்டும். தாய்லாந்தின் பிரா தோங் தீவில் கரைமேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் கரிய சேற்றுமண் படிந்துள்ளது. கரியதில் வெண்மணல் பளிச்சென்று தெரியுமாகையால் அங்கே வாசிப்பு எளிதாயிற்று. 2004ஆம் ஆண்டு மணலுக்கு அடியில் அதை ஒத்த பழைய மணல்விரிப்புகள் கிடைத்தன. அவற்றுள் மிக அண்மையது சுமார் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2008இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு கூறிற்று. அதே இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, சுமத்திராவின் ஆச்சேக் கரையில் கி.பி. 1290-1400 காலத்துப் பேரலை ஒன்றின் மணலையும், கி.பி. 780-990 காலத்து மணலையும் இனங்கண்டது.

இன்னும் வியப்பானது ஆச்சேக் கரையிலுள்ள குகையொன்று. பேரலை மட்டுமே ஏறக்கூடிய உயரத்தில் வாயில் கொண்ட அக்குகையில், கடல் கொணர்ந்த மணலும் வௌவால்களின் எச்சமும் மாறி மாறிப் படிந்துள்ளன. பேரலை வந்தால் ஒரு மணலடுக்கு. அடுத்தது வரும்வரை வௌவால் எச்சம். 7,400 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 2,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை குறைந்தது பதினொரு பேரலைகளை அக்குகை பதிவு செய்துள்ளது என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. அவற்றின் இடைவெளிகளே நம் கவனத்துக்குரியவை. ஒருமுறை 2,000 ஆண்டுகளுக்கும் மேல் கடல் அமைதி காத்திருக்கிறது. மற்றொருமுறை ஒரே நூற்றாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பேரலைகள் வந்திருக்கின்றன. ‘இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை’ என்று கணக்கிட்டு நிம்மதியாக இருக்க இடமில்லை.

இங்கே இலக்கிய ஆர்வலராகிய நமக்கு ஒரு சபலம் எழுவது இயல்பு. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. இந்திரவிழா நின்றதனால் மணிமேகலா தெய்வத்தின் சினத்துக்கு ஆளாகி அழிந்தது என்பது அங்குக் கூறப்படும் காரணம். அதையும் சாளுவன்குப்பத்து மணலையும் ஆச்சேக் குகையையும் ஒரே கயிற்றில் கட்டிவிட ஆவல் பிறக்கிறது. கடல் ஊரைக் கொள்ளும் என்ற அறிவு தமிழரிடம் இருந்தது என்பதற்குக் காப்பியம் சான்று. எந்த ஆண்டில் எந்த அலை வந்தது என்பதற்கு அது சான்றாகாது. மெல்லமெல்லக் கரையை அரித்துத் தின்பதும் கடல்கோள்தான். ஒரே காலையில் ஏறி வருவதும் கடல்கோள்தான். சொல் ஒன்று, நிகழ்வுகள் பல. காப்பியத்துக்குக் காலம் தேட மணலை வளைப்பதும், மணலுக்குப் பெருமை தேடக் காப்பியத்தை வளைப்பதும் இரண்டுக்கும் இழைக்கும் தீங்காகும்.

குறுகிய நினைவு

மூன்றாவது பாடம் மிகக் கசப்பானது. 2004க்கு முன்னர் வங்கக்கடலில் ஆழிப்பேரலையே வந்ததில்லை என்று கூறமுடியாது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலைகளை அன்றைய கடல்மட்ட அளவுமானிகள் பதிவு செய்தன. அவற்றுள் மிக உயர்ந்தது நாகப்பட்டினத்தில் பதிவானது; ஒரு மீட்டரைச் சற்றே கடந்த அலை. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோதும் நம் கரையின் அளவுமானிகள் சிறிய அசைவைக் காட்டின. ஆக, நவீன அறிவியலின் ஏட்டில் இருந்த பேரலை, முழங்காலுக்கோ இடுப்புக்கோ வரும் அலைதான். அந்த ஏட்டின் வயது நூற்றிருபது ஆண்டு. மணலின் ஏட்டுக்கு வயது ஆயிரக்கணக்கான ஆண்டு. நாம் இளைய ஏட்டையே நம்பினோம்.

அதன் விலை யாவரும் அறிந்ததே. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் கடல்நீர் ஏற்றும் கூடத்தில் நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அருகே புதிய உலைக்காகத் தோண்டப்பட்டிருந்த பெருங்குழி கடல்நீரால் நிரம்பியது. நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே இரண்டரை மணி நேரம் இருந்தும், பெரும்பாலான குப்பங்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கடல் உள்வாங்கியபோது பலர் வேடிக்கை பார்க்க அதனை நோக்கிச் சென்றனர். உள்வாங்கும் கடலிலிருந்து ஓடவேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர அவர்களின் பாட்டன் பாட்டிக்கும் அந்த அனுபவம் இருந்ததில்லை.

இனி என்ன?

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டு நம் கரையோர மக்கள் வெளியேறினர். புவித்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் ஆகையால் பேரலை எழவில்லை. அலை வரவில்லையே என்று அன்று சலித்துக்கொண்டோர் உண்டு. பனிக்குழி தோண்டுவோர் இதை நன்கறிவர். ஆபத்து நான்காம் படி என்று அறிவித்த நாளில் சரிவு நிகழாமலும் போகலாம். அறிவிப்பு பொய்த்தது என்று அடுத்தமுறை செவிமடுக்காதவனே புதையுண்டு போகிறான்.

கருவிகள் சில மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கும். எவ்வளவு தூரம் நீர் ஏறக்கூடும், எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்பதை நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருப்பது மணல்தான். ஆனால் பனியைப் போல அது ஆண்டுதோறும் புதிதாகப் படிவதன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் அடித்தளத்துக்காகத் தோண்டப்படும் ஒவ்வொரு குழியிலும் அந்த ஏட்டின் சில பக்கங்கள் வாசிக்கப்படாமலே கிழிகின்றன. கல்வெட்டுள்ள தூண் ஒன்றை உடைத்தால் நாம் கொதித்தெழுவோம். மணல்மேடு சமன் செய்யப்படும்போது எவரும் ஏனென்று கேட்பதில்லை.

இக்கரையில் கட்டடத்துக்காகக் குழி தோண்டப்படும்போது, அதன் சுவரை ஒரு நிலவியலாளர் பார்த்துப் பதிவு செய்ய ஒரு நாள் அளித்தால் போதும். அதற்கான ஏற்பாட்டைத் தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்வது இயலாத காரியமன்று. நாமும் நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். அடுத்தமுறை மாமல்லபுரம் செல்லும் வாசகர்கள் சாளுவன்குப்பத்துக்கும் சென்று வாருங்கள். முருகன் கோயிலின் செங்கற்களை வியந்து பார்த்தபின், அவை கிடக்கும் பள்ளத்தின் விளிம்பையும் ஒருமுறை நோக்குங்கள். உடன் வரும் பிள்ளைகளிடம் இக்கோயிலின் வயதைச் சொல்லும்போது, இது எதனால் மண்ணுக்குள் போனது என்பதையும், கடல் உள்வாங்கினால் எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.